ஏழாவது தாங்கி

வாலிநோக்கம் உப்பளங்களைத் தாண்டி
உடைமரக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே
எங்கள் புரோமின் ஆலை.
கொதிகலனிலிருந்து கோபுரம் வரைக்கும்
நூற்றிருபது மீட்டர் நீராவிக் குழாய்.

விடியலில் அது வெறும் இரும்பு.
பத்து மணிக்கு நூற்றெண்பது டிகிரி.
மீட்டருக்கு, டிகிரிக்கு, பன்னிரண்டு மைக்ரான்
பெருக்கிப் பார்த்தால் இருநூற்றுப் பதினாறு மில்லி.
விரித்த கையால் அளந்தால்
ஒரு சாண்.

ஒரு சாண் கேட்கிறது குழாய்.
கொடுத்தால் எடுத்துக்கொள்ளும்.
கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பெல்லோஸ் வைத்தேன், பாதிக்கொன்று.
துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாய், மெல்லிய தகடு.
சாதாரண எவர்சில்வர் இந்தக் காற்றுக்கு ஆகாது,
மடிப்புக்குள் உப்பு புகுந்தால் மயிரிழை விரிசல் என்று
கொள்முதல் பிரிவோடு மூன்று மாதம் சண்டை.
இரு முனையிலும் நடுவிலும் நங்கூரம்.
இடையிலுள்ள தாங்கிகளில்
குழாய்க்கு ஷூ உண்டு, வழுக்கி நகர.
(அதை மாட்டிய நம்புவேலுக்கு அன்று
ரப்பர் செருப்புதான்.)

மார்கழி. ஆலை நின்றிருந்த இரவு.
வாடை பிடித்து உலுக்கியதில்
ஏழாவது தாங்கியில் ஷூ
டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.
நம்புவேல் ஏணி வைத்து ஏறி
இரண்டே ராடில்
ஷூவை உத்தரத்தோடு பற்றவைத்துவிட்டு இறங்கினான்.
சத்தம் நின்றது. எல்லாரும் தூங்கினார்கள்.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு
வெடி இல்லை, புகை இல்லை.
பனைமட்டை முறிவதுபோல் ஒரு முனகல்.
போய்ப் பார்த்தால் உத்தரம் முறுக்கிக் கிடக்கிறது,
நடு நங்கூரத்தின் கான்கிரீட்டில் விரல் நுழையும் பிளவு.
முழுதாய் மறித்தால் ஆறங்குலக் குழாய்
நூற்று முப்பது டன் தள்ளும்.
உப்பு லாரி ஆறு
வரிசையாய் வந்து முட்டுகிற மாதிரி.
பக்கத்திலேயே
சண்டை போட்டு வாங்கிய பெல்லோஸ்,
மடிப்பு கலையாமல்,
வேலையற்று.

சென்னையிலிருந்து போனில் ஒரே கேள்வி:
யார் பற்றவைத்தது?

அவனே வந்து நின்றான்.
"ஆடிக்கிட்டே கெடந்துச்சு மேடம்.
ஆடுற சாமானை இறுக்கித்தானே பழக்கம்."

பற்று நன்றாக இருந்தது.
மீன் செதில் அடுக்கியதுபோல் ஒரே சீராய்.
அதுதான் எனக்குக் கோபம் வராமல் போனதற்குக் காரணமா,
இல்லை, வரைபடத்தை விரித்துப் பார்த்ததா?
ஏழாவது தாங்கிக்கு நேரே
ஓர் ஆங்கில எழுத்து, ஓர் எண்.
நகரும் என்று அதற்குப் பொருள்.
நான் போட்ட சுருக்கம், எனக்கு மட்டும் புரிவது.
நம்புவேலுக்குப் பற்றுக்குறிகள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம்.
இது பற்றுக்குறி அல்ல.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
அவன் பெயர் எழுதுமளவுக்கே இடம் விட்டிருந்தார்கள்.
அதில் என் படத்தின் எண்ணை எழுதினேன்.
பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை.
அதற்கு வேறு காரணம் சொன்னார்கள்.

கிரைண்டர் வைத்து அவனே அறுத்தான்.
நான் பெயின்ட் டப்பாவோடு ஏறி
உத்தரத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்:
இது நகரும். ஒட்டாதே.

திரும்ப நீராவி விட்ட காலை
ஷூவின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு
டீ கிளாசோடு உட்கார்ந்துவிட்டான்.
"எங்க மேடம் நகருது?"
நானும் பார்த்தேன். நகரவில்லை.
ஓதம் ஏறுவதைக் கண் வைத்துப் பார்க்க முடியுமா?
டீ ஆறி, ஆடை கட்டி,
அவன் மறுபடி குனிந்தபோது
கோடு மூன்று விரல் பின்னால் கிடந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
விரலை மட்டும் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

இப்போது பகலில் நீள்கிறது, நிறுத்தினால் சுருங்குகிறது.
இங்கே எல்லாம் துருப்பிடிக்கும்:
போல்ட், படிக்கட்டு, என் சைக்கிள்,
நான் எழுதிய எழுத்தே
பாதி உரிந்துவிட்டது.
ஏழாவது தாங்கியில்
ஷூ போய் வரும் அந்த மூன்று விரல் தடம் மட்டும்
தேய்ந்து தேய்ந்து
பளபளவென்று கிடக்கிறது.