ஒன்பதாவது கேள்வி

கடந்த இரண்டு வாரத்தில், என்றே
எல்லாக் கேள்வியும் தொடங்குகிறது
தவசீலியின் தாளில்.
தூக்கம் கெட்டதா. பசி குறைந்ததா.
பதிலுக்கு நாலே கட்டம்:
இல்லவே இல்லை, சில நாள்,
பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும்.
கெத்தை பவர்ஹவுஸில் முப்பத்தோரு வருஷம்
மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதியவன் நான்.
கட்டத்தைக் கண்டால் கை தானாகப் போகும்.
முதல் கட்டத்திலேயே வரிசையாக டிக்.
நார்மல். நார்மல். நார்மல்.

வியாழக்கிழமை இலை லாரி வராது.
அன்றைக்கு மஞ்சூர் மேல்முக்கு எடைக் கொட்டகை எங்களுக்கு.
சாக்கு விரித்து ஐந்து பேர்,
எழுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.
தவசீலி பிரஷர் பார்ப்பாள், மாத்திரை எண்ணுவாள்,
பிறகு சும்மா இருப்பாள்.
அந்தச் சும்மாவைத்தான் தாங்க முடியாது.
அதை உடைக்கவே போஜன் ஒருநாள்
தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார்.
நாற்பத்தாறு கிலோ.
"நனைஞ்ச இலைக்கு நூத்துக்கு எட்டு
தண்ணின்னு கழிப்பானுங்க.
எனக்கு எவ்வளவு கழிக்கணும்?"
சிரித்தோம்.
கல்லட்டி இறக்கத்தில் மகன் லாரியோடு போனதை
அதற்குப் பிறகுதான் சொன்னார்.

புஷ்பவதி மாத்தளையில் பிறந்தவர்.
கப்பலேறக் கட்டிய பெட்டியில் ஒன்றை
இன்னும் பிரிக்கவே இல்லையாம்.
"எப்ப எழும்பச் சொல்லுவாங்களோ."

நான் எதுவும் சொல்லவில்லை.
கனகம் போய்ப் பதினாலு மாதம்.
அவள் காது மெஷினுக்குப்
போன வாரம் பேட்டரி மாற்றினேன் என்பதை
எந்தக் கட்டத்தில் போடுவது?

ஆடியில் இரண்டு வியாழன் நான் போகவில்லை.
மழை என்று காரணம் தயார். போனை அணைத்திருந்தேன்.
மூன்றாவது வியாழன் நாலரை மணி,
நீட்டிய கை தெரியாத மிஸ்ட்.
கீழே படியில் ஓர் இருமல்.
என் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி.
இருபதில் உட்கார்ந்தார்கள்.
யார் டார்ச்சை யார் எடுத்தது என்று சண்டை.
"வீடு கட்ட இவனுக்கு வேற எடமே கெடைக்கலியா",
அது போஜன்.
உருவம் ஒன்றும் தெரியவில்லை.
நாலு ஜோடி முட்டிகள் மேலேறும் சத்தத்தை
முப்பத்தைந்து நிமிஷம் கேட்டு நின்றேன்.
கதவை எப்போது திறந்தேன், தெரியாது.

டீத்தூள் இல்லை.
"தேயிலைக் காட்டுக்கு நடுவுல
இப்படியும் ஒரு வீடா" என்று திட்டிவிட்டுப்
புஷ்பவதி சுடுதண்ணீர் வைக்க உள்ளே போனார்.
மற்றவர்களும் பின்னால் போனார்கள்,
சுடுதண்ணீருக்கு நாலு பேர்.
தவசீலி தாளை எடுத்தாள்.
ஒன்பதாவது கேள்வியைத் தாழ்ந்த குரலில் படித்தாள்.
செத்துப்போனால் தேவலை என்று...
"சில நாள்" என்றேன்.
அவள் எழுதவில்லை. பேனாவை மூடினாள்.
"எந்த நேரத்துல, அண்ணே?"
"ராத்திரி. மூணு மணி."
பிறகு எழுதினாள்.
மறுநாள் முதல் பஸ்ஸில் ஊட்டி ஆஸ்பத்திரிக்கு
என் பக்கத்து சீட்டில் அவளும்.
சின்ன வெள்ளை மாத்திரை. வாய் உலர்கிறது.
பரவாயில்லை.

அடுத்த வியாழன் கொட்டகையில்
பேர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டாள்,
"மூணு மணிக்கு யார் யார் முழிச்சிருக்கீங்க?"
ஐந்து கை எழுந்தது.
ஒன்று என்னுடையது.

மலைக்கெல்லாம் கரண்ட் அனுப்பியவனுக்கு
இது தெரியாமல் போயிற்று:
எதிர்ச்சரிவில் அந்நேரம் எரியும் மஞ்சள் புள்ளி போஜன்.
ரேஷன் கடைக்கு மேலே டியூப்லைட், ஆரோக்கியமேரி டீச்சர்.
எழுந்ததும் நானும் வெளிவிளக்கைப் போடுகிறேன்.
மிஸ்ட் இறங்கினால் எதுவும் தெரியாது,
அப்போது ஒரு மிஸ்டு கால்.

நேற்று புஷ்பவதி வீடு இருட்டு.
கூப்பிட்டேன். எட்டு ரிங்.
"பல்பு போயிட்டு. நான் இருக்கேன்" என்றார்.

காலையில் எழுபத்திரண்டு படி இறங்கினேன்.
பையில் ஒன்பது வாட் பல்பு, டெஸ்டர்.
ஹோல்டரையும் பார்க்க வேண்டும்,
பழைய ஒயரிங்.