முக்கால் அங்குலம்

என் இடக்கால்
வலக்காலை விட முக்கால் அங்குலம் குட்டை.
பினாங்கு பெரியாஸ்பத்திரி டாக்டர்
அதை மில்லிமீட்டரில் சொன்னார்.
அங்கமுத்து தாத்தா காதிடுக்குப் பென்சிலை எடுத்து
சிகரெட் அட்டையின் முதுகில்
அங்குலமாக்கிக்கொண்டார்.
"மேசைக்கு ஒரு கால் குறைஞ்சா
மேசையவா ஏசுவோம்?"
அம்மா அழுதுகொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை.

ஜெலுத்தோங்கில் ஒரு ஜெலுத்தோங் மரம்கூட இல்லை
என்பது அவருக்கு ஆயுசுக்கும் குறை.
பேர் மட்டும் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டதாம்.
பட்டர்வொர்த் மரக்கிடங்கில்
அந்த மரத்தில் ஒரு துண்டு வாங்கி
ஃபெர்ரியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார்.
பால் மரம், கனமில்லை,
பிள்ளைக்குப் பாரம் தெரியாது.
இழைத்து, உப்புத்தாள் தேய்த்து,
என் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்துக்குள் இறக்கினார்.
வருஷத்துக்கு ஒரு சப்பாத்து, ஒரு கட்டை.
பதினேழு வயதில் கால் வளர்வது நின்றபோது
பத்தாவது கட்டை.
அதைத்தான் இன்னமும் சப்பாத்துக்குச் சப்பாத்து
மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது.

தவ்கே ஒருவர் கேட்ட செங்கால் அலமாரி
பட்டறையில் பாதியில் நின்றது ஒரு சமயம்.
மூன்றாவது இழுப்பறையில்
முராய்க் குருவி முட்டையிட்டிருந்தது.
தவ்கே வந்தார். மறுபடி வந்தார். கத்தினார்.
"பிசின் இன்னும் காயல தவ்கே"
என்றார் தாத்தா, உளியைத் தொடாமல்,
கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து.
இருபத்தாறு நாள் காய்ந்தது அந்தப் பிசின்.
கடைசிக் குஞ்சும் பறந்த அன்று
வேலையை முடித்து, கூலியில் பாதிதான் வாங்கினார்.
அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்
அது என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொடிமலை.
ரயிலில் இல்லை, நடந்து.
ஒவ்வொரு பாசிக்கும் நிற்பார்.
எறும்பு வரிசை கடக்கட்டும் என்று நிற்பார்.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குக்கு
வாத்தியார் என்று பேர் வைத்திருந்தார்;
வாத்தியாரம்மா மடியில்
ஆரஞ்சுச் சுளை நிறத்தில் குட்டி.
அதைப் பார்க்க அரை மணி.
"என் காலுக்காகவா தாத்தா நிக்கிறீங்க?"
"உன் கால எவன் பாத்தான்? அந்தக் குட்டியப் பாரு."

செத்த வீட்டுக்கு முதல் நாள் ராத்திரி
மலையடிவாரக் கோப்பிக்கடை ஆ ஹெங் வந்தார்.
கடலை உடைத்தபடி, மலாயில், சும்மா சொன்னார்:
தனியாக வந்தால் உன் தாத்தா
ஒன்றரை மணியில் ஏறிவிடுவார்,
ஆடு மாதிரி.

எங்களுக்கு நாலு மணி ஆகும்.

மறுநாள் காலை
ஃபிளாட்டின் கீழே பந்தலில் பெட்டி ஆடியது.
மழைத்தண்ணீர் வடியச் சரித்துக் கட்டிய தரை;
ஸ்டாண்டின் ஒரு கால் எட்டவில்லை.
மாமா நாளிதழை மடித்தார். சித்தப்பா செங்கல் தேடினார்.
படியோரம் கழற்றிவிட்டிருந்த சப்பாத்திலிருந்து
நான் கட்டையை உருவி வந்து செருகினேன்.
ஆட்டம் நின்றது.
அவர் இருந்திருந்தால் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி,
மட்டம் பார்த்திருப்பார்.

பிறகு நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.
வெறுங்காலோடு சுற்றினேன்.
சுங்கை பட்டாணி அத்தை பக்கத்தில் கிசுகிசுத்தாள்:
"ஏண்டி, இவளுக்குக் கால்ல என்ன?"
இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு
முதல்முறையாகக் கேட்கிறாள்.

எல்லார் கைச் சுடரும் நேராக எரிந்தது.
என்னுடையது
ஓரடிக்கு ஏறியது, ஓரடிக்கு இறங்கியது.
நான் மெதுவாகத்தான் சுற்றினேன்.
முன்னால் போன பிள்ளைகள்
நின்றார்கள்.