எடைமேடை

களியக்காவிளையில், சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்,
இடது கைப்பக்கம், அறுபது டன் எடைமேடை.
இரவு வேலை எனக்கு.
கடலை நிரப்பப் போகும் பாறைகள் வரும்.
மழைநாளில் பாறையும் தண்ணீர் குடித்துக் கனக்கிறதென்று
டிரைவர்மார் வழக்காடுவார்கள்.
சிவப்பு எண்கள் இதுவரை யாருக்கும் இரங்கியதில்லை.

நான் ஒருமுறை இரங்கினேன்.
இரக்கம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தேன்,
ஐந்நூறு ரூபாய்க்கு.
கரண்ட் இல்லை என்று சொல்லி
கையால் எழுதினேன் சீட்டு:
நாற்பத்தொன்றுக்குப் பதில் இருபத்தெட்டு.
பாறசாலை தாண்டிய இறக்கத்தில்
பிரேக்குக்கு என் எழுத்து தெரியவில்லை,
நாற்பத்தொன்றுதான் தெரிந்தது.
வாழைக்குலை கட்டிய சைக்கிளோடு வேலப்பன்.
சீட்டு எங்கோ நனைந்து கிழிந்திருக்க வேண்டும்.
யாரும் என்னைத் தேடி வரவில்லை.

பதினோரு வருடமாக ஒரு நோட்டு.
இடது பக்கம் ஒரே பெயர்.
வலது பக்கம்
லெந்து நாட்களின் பட்டினி,
ஆலயக் கூரைக்கு முந்நூறு ஓடு,
ஆஸ்பத்திரியில் ரத்தம், பதினாறு தடவை,
அனுப்பியவன் பெயரை மாற்றி
ஓமனாவுக்குப் போன மணியார்டர்கள்.
பக்கம் முடியும்போதெல்லாம் கூட்டிப் பார்ப்பேன்.
எந்த அலகில் கூட்டுவதென்றுதான் தெரியாது.

இன்றைக்கு, இரண்டு மணி இருக்கும், வண்டி இல்லை.
நோட்டைக் கொண்டுபோய் மேடை நடுவில் வைத்தேன்.
உள்ளே ஓடிவந்து பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அது அறியாது.
எனக்கே தெரிந்த விஷயம்.
சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோனது.

அப்போதுதான் அந்த லாரி வந்து நோட்டின்மேல் ஏறியது.
பினீஷ், காய்ச்சல்காரப் பையன்.
ஏழு டன் கூடுதல். நான் குறைக்கவில்லை.
அவன் வாதாடவும் இல்லை.
முதலாளிக்கு ஒரு போன். ஓரமாக நிறுத்தி
ஸ்டீயரிங்கில் தலைவைத்துத் தூங்கிவிட்டான்.

மழையில் முதலாளி தானே வந்தார்,
வெறும் லாரியும் ஒரு ஜேசிபியுமாக,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.
ஏழு டன்னையும் தன் வண்டிக்கு மாற்றினார்.
சாவடியில் அபராதம் கட்டினார், முழுத்தொகை,
ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை.
மறுபடி மேடை ஏறியது பையனின் வண்டி.
அவன் பெயருக்கு நேரே
'சரி' என்று நானே அச்சடித்துக் கொடுத்தேன்.

"நீ என்னடே செய்தாய்?"
"ஒண்ணும் செய்யல்ல சாரே.
அவர் வருவேன்னு சொன்னார். கண்ணை மூடினேன்."

நீதிமான். ஞாயிறுதோறும் கேட்கிற சொல்.
நோட்டு நிறைந்தவன் என்றே நினைத்திருந்தேன்.
தராசை வளைத்து விடுவிப்பது நான் செய்தது.
ஒரு கிராமும் வளைக்காமல்
சுமை முழுவதையும் தன் தோளுக்கு மாற்றியது
வேறொருவர் செய்தது,
ஒரு வெள்ளிக்கிழமை, நகரத்துக்கு வெளியே,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
எனக்கு நேரே அச்சாகிவிட்ட சொல்லை
பதினோரு வருடம் நான் வாங்கிக்கொள்ளவில்லை.
கை நிறைய நோட்டு இருந்தது.

டயர்த் தடத்தோடு அது ஜன்னலில் காய்கிறது. பழக்கம்.

ஐந்தேமுக்காலுக்குப் பாறசாலை பஸ்.
பணம் போயிருக்கிறது அந்த வீட்டுக்கு,
நான் போனதில்லை.
கடன் இருந்தவரை கதவைத் தட்டத் துணியவில்லை.
இன்றைக்குப் போவது அடைக்க அல்ல,
நாற்பத்தொன்று என்று சொல்ல.
ஓமனா கதவைச் சாத்தலாம்.
போலீசைக் கூப்பிடலாம், கூப்பிடட்டும்.

எங்கே என்கிறார் கண்டக்டர்.
சில்லறை எண்ணும் விரல் நடுங்குகிறது.
நடுங்கட்டும். சீட்டு வாங்கிவிட்டேன்.