எழுநூறு மில்லி

மொட்டைமாடிக் குழாய் இரவில் வெடித்திருந்தது.
யாரும் தொடவில்லை.
உள்ளே நின்ற தண்ணீர் உறையும்போது
கொஞ்சம் கூடுதல் இடம் கேட்டிருக்கிறது,
இரும்பு தரவில்லை. அவ்வளவுதான்.

பக்கத்துத் தொட்டியில் மேலே கண்ணாடிச் சில்லுபோல் பனிக்கட்டி.
அதை விலக்கினால் அடியில் ஒரு கொசுப்புழு நெளிகிறது.
மற்றதெல்லாம் உறைந்தால் மூழ்கும்;
இது மட்டும் மிதந்து
கீழே இருப்பவர்களுக்குக் கூரை போடுகிறது,
கொசு என்றும் பாராமல்.

பிளம்பர் சைமன் லவ்டேலிலிருந்து வர எட்டரை ஆகும்.
டயாலிசிஸ் முதல் ஷிப்டுக்கு நால்வர் வந்தாயிற்று,
கம்பளித் தொப்பியும் வீங்கிய கணுக்காலுமாக.
எமரால்டிலிருந்து பஸ் ஏறி வந்த பெள்ளிராஜ்
எடை மெஷினில் நின்று தானே வாசித்தார்:
"மூணு கிலோ கூட, மேடம்.
நேத்து குழம்புல உப்பு தூக்கல்."
சமைத்தது யார் என்று சொல்லவில்லை.

இருபத்தாறு வருஷம்
கேத்தியில் கேரட் கழுவும் மெஷினில் நின்றவர்.
முழங்கால் வரை தண்ணீர், ரப்பர் பூட்ஸ்,
சேற்றிலிருந்து ஆரஞ்சு நிறம் புறப்பட்டு வரும்.
இப்போது ஒரு நாளைக்கு அவருக்கு எழுநூறு மில்லி.
காப்பி அதில் அடக்கம். ரசம் அடக்கம்.
மாத்திரை விழுங்கும் மடக்கும் அடக்கம்.

ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன்.
நேர்கோட்டில் நிற்காமல் சற்றே கூனி நிற்கின்றன.
அந்தக் கூனலில்தான் எல்லாம்.
ஒரு பக்கம் துளி எதிர்மின், மறுபக்கம் துளி நேர்மின்;
உப்புக்கல் விழுந்தால்
சோடியத்தைச் சுற்றி ஒரு கூட்டம்
குளோரைடைச் சுற்றி ஒரு கூட்டம்,
கல்யாண வீட்டில் இரு தரப்பாரைப்போல
தனித்தனியாக அழைத்துப் போய்விடும்.
நிமிர்ந்து நின்றிருந்தால்
இந்த மலையில் ஒரு பாசிகூடக் கிடையாது.

ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது அதற்கு.
சர்க்கரை வந்தாலும் சரி, யூரியா வந்தாலும் சரி,
உருளைத் தோட்டத்து மருந்து,
நகராட்சி போட்ட குளோரின்,
எல்லோருக்கும் உள்ளே இடம் உண்டு.
அதற்குப் பதிலாக வேண்டாம் சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
கரித்தொட்டி, சவ்வு, பிறகு சோதனைக் குழாயில் சொட்டு மருந்து:
சிவந்தால் கடினம், நீலமானால் உள்ளே விடலாம்.
குளோரின் கொஞ்சம் தப்பிப் போனால்
சிவப்பணுக்கள் வரிசையாக உடையும்.
ஒருநாளும் நான் பார்த்ததில்லை.
தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

ஒன்பதே காலுக்கு நீலம் வந்தது.

நாலு மணி நேரம்,
நூற்றிருபது லிட்டர் அவர் இரத்தத்தை உரசி ஓடும்,
நடுவில் மயிரிழையிலும் மெல்லிய சுவர்.
அழுக்கு இந்தப் பக்கம் வரும்.
அவரால் அதில் ஒரு வாய் குடிக்க முடியாது.

"குழாய் வெடிச்சிருச்சாமே?" என்றார், ஊசி ஏறியபின்.
"ராத்திரி மூணு மணிக்கு என் மகன்
கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர் போட்டான்.
இலை மேல தண்ணி உறையும், உள்ளே செடி சாகாது.
அது உறையுறப்போ சூடு விடும், மேடம்.
எங்களுக்குத் தெரியும்."

ஆமாம், பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம்.
ஒரே இரவு, ஒரே உறைதல்.
எமரால்டில் அரை ஏக்கர் கேரட் பிழைத்தது,
எனக்கு இரண்டே கால் மணி நேரம் போயிற்று.
யாரிடம் புகார் கொடுப்பது?

மதியம் எடை மெஷினில் மூன்று கிலோ குறைந்திருந்தார்.
அவர் வீட்டுத் தட்டில் உறையவைத்த ஐஸ் கட்டி ஒன்றை
சின்ன பிளாஸ்க்கிலிருந்து எடுத்து நாக்கில் வைத்தார்.
கன்னம் ஒருபக்கம் உப்பியபடியே
"பதினஞ்சு மில்லி. எழுதிக்கங்க."

சேரிங்கிராஸில் மாலை அவரைப் பார்த்தேன்.
டீக்கடையில் ஒரு கிளாஸ் வாங்கி
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்திருந்தார்.
அத்தனை குளிரிலும் சீக்கிரம் ஆறிவிடவில்லை;
சூட்டை லேசில் விடாது, தண்ணீரின் சுபாவம்.
பஸ் வந்தது.
கிளாஸை நிறைய அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு,
காசு கொடுத்து,
கைகளை ஒருமுறை முகத்தில் ஒற்றிக்கொண்டு
ஏறினார்.