இரண்டாம் கப்பலின் கட்சி

சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து. வெள்ளி இரவு.
பூபாலனுக்கு முதல் கப்பல்தான் கப்பல்.
"கதவு தானாகத் திறக்குது பார்" என்கிறான்.
தானாக இல்லை. நிறுத்திப் பார்த்தோம்:
ஓரத்தில் ஒரு கை, கைக்கடிகாரத்தோடு
இழுக்கிறது.

நான் இரண்டாம் கப்பலின் கட்சி.
கோள் அட்டையில் செய்தது, சரி.
பச்சைத்தோல்காரிக்கு வியர்த்தால்
கழுத்தில் சாயம் வழியும், அதுவும் சரி.
ஆனால் அங்கே சாப்பாட்டு மேசை ஒன்றுதான்.
எழுபத்தொன்பதில், எட்டு வயதில்,
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முக்கண்ணன் வந்து உட்கார்ந்தான்
(சிவனில்லை, வேற்றுக்கிரகத்தான்).
யாரும் தட்டோடு எழுந்து போகவில்லை.

அந்த ஞாயிறு கடற்கரையில்
பலகையைப் படித்துவிட்டு
அப்பா காரைத் திருப்பினார்.

"கடற்கரையை விடு, லேசருக்கு வா"
என்கிறாள் நிர்வாஷ்னி,
பீன்ஸ் பன்னியின் மூடியைக் கிள்ளியபடி.
லேசரில் முதல் கப்பலே மேல்.
ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிக் காட்சி.
கேப்டன் திரும்புகிறார், வாயைத் திறக்கிறார்.
மின்வெட்டு.

இருட்டில் மூவரும் வசனத்தைச் சொல்கிறோம்.
மூன்றும் வேறு வேறு.
அசல் எதுவோ,
பூபாலனுடையதுதான் நன்றாக இருந்தது.
அவனிடம் சொல்லவில்லை.
அவன் முதல் கப்பல்காரன்.