மந்தம்

ஹில்ஸ்பரோவில் மார்ச் மழை,
தன்னை மழை என்று ஒப்புக்கொள்ளாத மழை.
ஹேசல் தோப்பை வெட்டி எழுப்பிய ஆலையின் வாசலில்
காரை அணைத்துவிட்டு
லோர்னா ஹாகன் ஐந்து நிமிடம் இறங்காமல் இருக்கிறாள்.
மடியில் இருபத்தொரு பக்கம்.
அடுத்த காலாண்டில் எத்தனை சில்லு விற்கும்
என்று சொல்வது அவள் வேலை.
பதினான்கு வருடமாகச் சொல்கிறாள்.
அதில் பன்னிரண்டு வருடம்
போன தடவையைவிட அதிகம் என்றாலே
போதுமாக இருந்தது.

இந்த வாரம் முப்பத்தேழு பேரைத் தொலைபேசியில் பிடித்தாள்.
யாக்கிமாவில் பள்ளிகளுக்குக் கணினி வாங்கும்
மார்சி ஓல்ஸ்டெட் சொன்னாள்:
பழையதே ஓடுகிறது,
கூரைதான் ஒழுகுகிறது.
நியூபெர்க்கில் ஒரு பல் மருத்துவர்,
யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்க,
சாவகாசமாகப் பேசினார்:
முன்பெல்லாம் நான் அதற்காகக் காத்திருப்பேன்.
திரையில் மணல்கடிகாரம் கவிழும்,
நான் போய் காப்பி போட்டுக்கொண்டு வருவேன்.
இப்போது அது எனக்காகக் காத்திருக்கிறது.
இன்னும் வேகமாகக் காத்திருக்க
ஒன்று விற்கிறீர்களா?

அவள் சிரித்தாள். எழுதிக்கொள்ளவில்லை.
கடைவாய்ப் பல் ஒன்று குடைகிறது, நேரம் கிடைக்குமா என்று கேட்டாள்.
ஆறு வாரம் ஆகும் என்றார்.

ஒரு குறிலைச் சொல்லி முடிப்பதற்குள்
நூறு கோடி முறை துடிக்கிறது அந்தத் தகடு.
வெறும் 'அ'வுக்குள்.
அடுத்த எழுத்தைத் தேடும் முன்
ஒருவன் மூக்கைச் சொறிகிறான்,
ஜன்னலைப் பார்க்கிறான்,
எழுத வந்தது மறந்து போகிறது.

கூட்டத்தில்
பதினொன்றாம் பக்கத்தின் கோடு படுத்துவிட்டது.
பக்கத்தில் மந்தம் என்று எழுதியிருந்தாள்.
பாப்காக் அதைப் பேனாவால் அடித்து
செரிமானம் என்று எழுதினார்.
வாங்கியதைச் செரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
பசி தானே வரும்.
சந்தைக்கும் வயிற்றுக்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி ஒன்று உண்டு.
அந்த அறையில் அது யாருக்கும் தெரியாது.

வடிவமைப்புப் பிரிவிலிருந்து வந்த ஈட்டன் க்வான்
புதியது பதினெட்டு சதவீதம் வேகம் என்றான்.
பதினெட்டுக்கு நான்கு வருடம்.
நடுவில் ஒரு விவாகரத்து; அதை அவன் சொல்லவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
யாருக்கு வேண்டும் இது என்று
யாரும் கேட்காமல் இருந்ததில்
ஒரு மரியாதை இருந்தது.

ஒரே ஒரு வாடிக்கையாளர் வேறு மாதிரி.
கொலம்பியா ஆற்றங்கரையில் ஜன்னலில்லாத கொட்டகைகள்;
உள்ளே இரவு பகல் விசிறி இரைச்சல்.
எவ்வளவு கொடுத்தாலும் போதாது.
கொடுத்ததெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.
எதற்கு இவ்வளவு என்றால்
கொள்முதல்காரர் வானிலை பற்றிப் பேசுவார்.

ஒரு கோடு படுத்திருக்கிறது.
ஒரு கோடு செங்குத்தாக நிற்கிறது.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
யாருக்கும் உறுத்தாத ஏற்றம்.
அதைத்தான் மேலே அனுப்பினார்கள்,
இறுதி எண் நாளைக் காலைக்குள் வேண்டும் என்ற குறிப்போடு.

வீட்டில் அவளுடைய கணினிக்கு ஒன்பது வயது.
சம்பளம் தரும் கம்பெனியின் சில்லுதான்,
ஆறு தலைமுறை பழையது.
மாற்றத் தோன்றியதே இல்லை என்பது
இன்று இரவுதான் அவளுக்கு உறைத்தது.
முப்பத்தெட்டாவது ஆளாக
தன்னையே கூப்பிட்டிருக்கலாம்.

உள்ளே என்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தாள்.
தொண்ணூற்றேழு சதவீதம்:
சும்மா.

எண்ணை அடிக்கப் போனாள்.
ஏழு என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது.
நாக்கு தானாகப் போய்
அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.
கம்பியின் சிறு கோடு திரையில்
மினுங்கி அணைந்து மினுங்கி,
இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.