ஏற நான்கு, இறங்க மூன்று

அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் போகாவிட்டால்
செல்லாது, பணமும் திரும்பாது என்று
சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.
டல்சாவிலிருந்து மகள் வாங்கி அனுப்பியவை,
எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளுக்கு.
வளைவின் உச்சிக்கு இரண்டு. ஆற்றுப் படகுக்கு இரண்டு.
செவ்வாய்க்கிழமை நாங்கள் கையெழுத்துப் போட்டதை
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
"படம் மட்டும் அனுப்புங்கள்" என்கிறாள்.

இருபத்தெட்டு வருடம் செயின்ட் லூயிஸில்.
லாரி ஓட்டித் திரும்பும் ஸியாத்துக்கு
தூரத்திலேயே அந்த எஃகு வளைவு தெரிந்துவிடும்.
"சூப்பைச் சூடு பண்ணு" என்று போன் வரும்.
அதற்கு மேல் வளைவோடு எங்களுக்குப் பேச்சில்லை.
உள்ளூர்க்காரர்கள் ஏறுவதில்லை, விருந்தாளிகள்தான்.

வாசலில் நின்றிருந்தான்.
சட்டையை அவனே தேய்த்திருக்கிறான்,
காலரின் ஒரு பக்கம் மட்டும்.
சோதனைத் தட்டில் பெல்ட், சாவி, சில்லறை,
ஒற்றைத் திருகாணி.
எதற்கு என்று வாய்வரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன். கேட்கிற உரிமையும்
அந்தக் காகிதத்தில் எங்கோ போயிருக்கும்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி
ஒரு வெள்ளைக் கூண்டு. குனிந்துதான் நுழைய வேண்டும்.
ஐந்து இருக்கை: நாங்கள் இருவர்,
நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பெண், அவளுடைய இரண்டு பையன்கள்.
எல்லோர் முழங்காலும் நடுவில் சந்தித்தன.
அவன் முழங்கால் எனக்குத் தெரியும்,
மழைக்கு முன்னால் வலிப்பது.
"ஏற நான்கு நிமிடம், இறங்க மூன்று" என்றான் சின்னவன்.
"அப்போ ஒரு நிமிடம் எங்கே போகுது?"
கூண்டு கடகடவென்று ஒரு பல் நகர்ந்தது.
யாரும் பதில் சொல்லவில்லை.

கீழே ஒரு பழைய படம் காட்டியிருந்தார்கள்:
இரண்டு கால்களையும் தனித்தனியாகத்தான் கட்டினார்களாம்.
கடைசித் துண்டைச் செருகும் காலையில்
வெயிலில் ஒரு கால் வீங்கிவிட்டதாம்.
குழாய் போட்டுத் தண்ணீர் அடித்துக் குளிர்வித்து
இரண்டையும் சேர்த்தார்களாம்.
எங்களுக்கு யாரும் குழாய் பிடிக்கவில்லை.
சரி, நாங்களும் கேட்கவில்லை.

உச்சியில் ஜன்னல்கள் தபால்பெட்டி வாய்போல.
சாய்ந்த சுவரில் வயிறு பதிய எட்டிப் பார்த்தோம்.
கிழக்கே ஆறு, மேற்கே எங்கள் ஊர்.
தெரியாது என்று தெரிந்தே
எங்கள் தெருவைத் தேடினோம்,
இருவரும், வேறு வேறு திசையில்.

நெப்ராஸ்காப் பெண் படம் எடுத்தாள்.
"இன்னும் கிட்ட, இன்னும்" என்றாள்.
ஈரப் பெயிண்ட் சுவர் அருகே நிற்பதுபோல
அவன் கை என் தோளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.
படத்தில் அந்த இடைவெளி விழவில்லை.

படகில் காற்று. பால் குறைந்த தேநீர் நிறத்தில் மிசிசிப்பி.
ஒலிபெருக்கியில் ஒருத்தி படித்துறையைக் காட்டி
"தொண்ணூற்று மூன்றில் வெள்ளம் ஏறிய படிகள்" என்றாள்.
அந்த வருடம் நாங்கள் இங்கே இல்லை.
பச்சை நிற ஆறு ஒன்றின் இரு கரையில்
அறிமுகமில்லாத இரண்டு பேராக
வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தோம்.
ஸியாத் தண்ணீரைப் பார்க்கவில்லை, காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.
என் கோப்பையில் இரண்டு சர்க்கரை போட்டு நீட்டினான்.
நான் சர்க்கரையை விட்டு எட்டு மாதம். குடித்தேன்.

பழைய இரும்புக் குவியல்கள், தானியப் படகுகள் தாண்டி
தெற்கே போகப் போக
வளைவு ஒடுங்கிக்கொண்டே வந்தது,
பாலம், வில், கொண்டை ஊசி.
பிறகு ஒரே ஒரு கோடு.
"ஒரு காலைக் காணோம்" என்றான்,
அன்று அவன் சொன்ன முதல் முழு வாக்கியம்.
"பின்னால்தான் நிற்கிறது" என்றேன்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
வாழ்ந்தவர்களுக்கு அது தெரியாதா?
படகு திரும்பியதும் இரண்டும் மெல்ல விலகின.

கரையில் மகளின் பதில் வந்திருந்தது:
நான்கு இதயம். "அப்பா ஏன் மூச்சைப் பிடிச்சிருக்கார்?"

பார்க்கிங் கட்டணத்தில் பாதி என்றான். வேண்டாம் என்றேன்.
பைக்குள் கைவிட்டு அந்தத் திருகாணியை
என் உள்ளங்கையில் வைத்தான்.
"உன் சமையலறை அலமாரிக் கைப்பிடிக்கு.
இந்த அளவு கிடைக்க ஆறு கடை ஏறினேன்."
உன் சமையலறை.

ஆடிக்கொண்டேயிருக்கிறது அந்தக் கைப்பிடி இன்றும்.
திருப்புளி அவனிடம் இருக்கிறது.